செயற்கைக்கோள் படிமத்திலிருந்து எடுத்த நிலப்பயன்பாட்டு வரைபடத்தை நகரத் திட்டத்தில் எந்த அளவுக்கு நம்பலாம்?

நிலவரைவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நகரமைப்புத் திட்டங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். அடுத்த 20 ஆண்டுகளுக்கான முழுமைத் திட்டம் ஒன்றுக்கு, இப்போதைய நிலப்பயன்பாட்டைக் காட்டும் அடிப்படை வரைபடம் தேவைப்படுகிறது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படிமத்தை எடுத்து, மாதிரிகளைப் பார்த்துக் கற்று வகை பிரிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி முறையில், கட்டடப்பகுதி, வேளாண் நிலம், மரங்கள் அடர்ந்த பகுதி, நீர்நிலை, வெற்றுநிலம் என ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறோம். மொத்தத் துல்லியம் 90 விழுக்காட்டை ஒட்டி வந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும், கள ஆய்வை வெகுவாகக் குறைத்துவிடலாம் என்ற கருத்து குழுவில் வலுப்பெற்றுவிட்டது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்த வரைபடத்தில் ஒரு மனை எந்த நிறத்தில் விழுகிறதோ அதை வைத்தே அங்கே வீடு கட்டலாமா, ஆலை வைக்கலாமா, எதுவும் கூடாதா என்பது முடிவாகும். ஆய்வுக்கட்டுரையில் 90 விழுக்காடு நல்ல எண்ணாக இருக்கலாம். ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பற்றி முடிவெடுக்க அது போதுமா? இத்தகைய வரைபடத்தைத் திட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு முன் அதனிடம் என்னென்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

படிமம் எழுதியது:

வணக்கம். முதலில் அந்த 90 எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். மொத்தத் துல்லியம் என்பது எல்லா வகைகளையும் ஒன்றாகக் கொட்டி எடுக்கும் சராசரி. திட்டப் பகுதியில் நீர்நிலைகள் 3 விழுக்காடுதான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வரைபடம் ஒரு ஏரியைக்கூடக் கண்டுபிடிக்காமல் விட்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாகக் குறித்திருந்தாலும் மொத்தத் துல்லியம் 97 விழுக்காடு என்றே வரும். நகரத் திட்டத்தில் தவறவே கூடாத வகை எதுவோ அதுவே பரப்பில் மிகச் சிறியதாக இருப்பதால், மொத்த எண் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே, வரைபடம் சொன்ன வகையையும் உண்மையான வகையையும் எதிரெதிரே எண்ணிக் காட்டும் அட்டவணையான பிழை அணியை வகைவாரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு எண்கள் வேண்டும். தரையில் உண்மையாக நீர்நிலையாக இருப்பவற்றில் எத்தனை விழுக்காட்டை வரைபடம் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. வரைபடம் நீர்நிலை என்று சொல்பவற்றில் எத்தனை விழுக்காடு உண்மையில் நீர்நிலை என்பது மற்றொன்று. இந்த இரண்டும் வெகுவாக வேறுபடும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. குறிப்பாக, வெற்றுநிலத்துக்கும் கட்டடப்பகுதிக்கும் இடையே எத்தனை மாதிரிகள் இடம் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். காய்ந்த மண்ணும் கான்கிரீட்டும் கண்ணுக்குத் தெரியாத சிற்றலை அகச்சிவப்பு ஒளிப்பட்டையில் ஏறத்தாழ ஒரே மாதிரி பிரதிபலிக்கின்றன. அந்தப் பட்டை சென்டினல்-2இல் 20 மீட்டர் அளவில்தான் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடப்பகுதியைப் பிரித்துக் காட்டக் கணக்கிடும் கட்டடக் குறியீட்டெண் அந்தப் பட்டையையே நம்பியிருப்பதால், உழுது போட்ட வயல் ஒரு புதிய குடியிருப்பாகத் தோன்றுவது வழக்கமான பிழை.

இன்னொன்று, சோதனை மாதிரிகளை எங்கே எடுத்தீர்கள்? பயிற்சிக்காக வரைந்த பலகோணத்துக்குள்ளேயே சில பிக்சல்களைச் சோதனைக்கு ஒதுக்கியிருந்தால், அருகருகே உள்ள பிக்சல்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும் என்பதால் துல்லியம் இயல்பாகவே உயர்ந்து தெரியும். வகைவாரியாகப் பிரித்துத் தற்போக்காகப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தரையிலோ உயர்துல்லியப் படிமத்திலோ வேறொருவர் பார்த்துக் குறித்த பிறகு வரும் எண்ணையே நான் நம்புவேன்.

அளவர் எழுதியது:

படிமம் அவர்கள் சொன்னது வகைப்படுத்தலின் பிழை. வகைப்படுத்தல் முற்றிலும் சரியாக இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் பார்ப்பது கூரையை. கூரைக்குக் கீழே பள்ளிக்கூடமா, கிடங்கா, மருத்துவமனையா, தரைத்தளத்தில் கடையும் மாடியில் குடியிருப்புமா என்பதை ஒளியின் பிரதிபலிப்பு சொல்வதில்லை. நகரமைப்பாளருக்குத் தேவைப்படுவதோ அதுதான். சொத்துவரிப் பதிவேடு, மின் இணைப்பின் வகை, கட்டட அனுமதி, தொழில் உரிமம் ஆகியவற்றை மனைவாரியாக இணைத்தால்தான் உங்கள் 'கட்டடப்பகுதி' என்ற ஒற்றை நிறம் குடியிருப்பு, வணிகம், தொழில், பொதுப்பயன்பாடு என்று பிரியும்.

அளவையும் எண்ணிப் பாருங்கள். 10 மீட்டர் பிக்சல் ஒன்று 100 சதுர மீட்டர். நெருக்கமான பகுதிகளில் ஒரு மனை முழுவதுமே அதைவிடச் சிறியது. ஒரு வீட்டின் பாதிக் கூரை, பக்கத்து மரத்தின் கிளை, இடையில் உள்ள சந்து எல்லாம் கலந்து ஒரே பிக்சலாக விழும்போது, அதற்கு ஏதோ ஒரு நிறத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நிறத்தை மனையின் உரிமையாளர் மேல் சுமத்துவது நியாயமாகாது.

மூன்றாவதாக, இடப்பொருத்தம். பழைய புலப்படங்களை ஸ்கேன் செய்து, இடம் துல்லியமாகத் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்துப் படிமத்தின் மேல் பொருத்தும்போது மென்பொருள் ஒரு சராசரிப் பிழையைக் காட்டும். அது 3 மீட்டர் என்றால் எல்லாரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அது அந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் மட்டும் அளந்த பிழை; புள்ளி வைக்காத மூலையில் தாளின் சுருக்கமும் மடிப்பும் சேர்ந்து அதைப் போல் இரு மடங்கு விலகல் இருக்கக்கூடும். சாலை விரிவாக்கக் கோட்டைத் திரையில் வரையும்போது இந்த விலகல் யாரோ ஒருவரின் முன்னறையில் போய் முடிகிறது. பிழையைச் சரிபார்ப்பதற்கென்று, பொருத்தலில் பயன்படுத்தாத தனிப் புள்ளிகள் சிலவற்றைத் தரையில் அளந்து வைத்திருங்கள்.

பரப்பைக் கணக்கிடுவதில் ஓர் எச்சரிக்கை. இணைய வரைபடங்களுக்குப் பின்னணியாக வரும் வெப் மெர்கேட்டர் வீழலில் (உருண்டையான புவியைத் தட்டையாக விரிக்கும் முறைகளில் ஒன்று) பரப்பு கணக்கிடவே கூடாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது பரப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். 30 பாகை அகலாங்கில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும், 60 பாகையில் நான்கு மடங்காகவும் காட்டும். இது மென்பொருளின் குறையன்று, அந்த வீழலின் இயல்பு. இருந்தும் அறிக்கைகளில் இந்தப் பிழை இன்னும் தென்படுகிறது.

விண்பார்வை எழுதியது:

அளவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பதிவேடுகளே உண்மை, படிமம் அதற்குத் துணை என்ற தொனி அதில் இருக்கிறது; அதை ஏற்க இயலவில்லை. பதிவேட்டில் இல்லாதவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பட்டா இல்லாத குடியிருப்பு, வரி விதிக்கப்படாத தெரு, ஓடைக்கரையில் தகரக் கூரை போட்டு வாழும் குடும்பங்கள் ஆகியோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நகரத்தின் அலுவல் வரைபடத்தில் அந்த இடம் பல நேரங்களில் 'காலி நிலம்' என்றே இருக்கிறது. படிமத்திலோ அந்தக் கூரைகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. திட்டத்தில் குடிநீர்க் குழாயும் பள்ளியும் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யும்போது, மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் முதல் சாட்சி அங்கே படிமமாகத்தான் இருக்கும்.

காலத்தையும் எண்ண வேண்டும். புவியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டில் முதலாவது 1972இல் ஏவப்பட்டது. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5இலிருந்து 30 மீட்டர் படிமங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. 2008இல் அந்தக் களஞ்சியம் முழுவதும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்ட பிறகு, ஒரு நகரம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எந்த நிலத்தை விழுங்கிப் பரவியது என்பதை எவரும் பார்க்க முடிகிறது. 2015இலும் 2017இலும் ஏவப்பட்ட சென்டினல்-2 இணை, 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கும் நிலையை உருவாக்கியது. வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பு முடிவதற்குள் புறநகரின் உருவமே மாறிவிடுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சிக் குறிக்கோள்களில் 11.3.1 என்ற குறியீடு, நிலம் கட்டடப்பகுதியாக மாறும் வேகத்தையும் மக்கள்தொகை வளரும் வேகத்தையும் ஒப்பிடச் சொல்கிறது. அந்த ஒப்பீட்டின் முதல் பாதிக்குத் தொலையுணர்வைத் தவிர வேறு நடைமுறை வழி இல்லை.

படிமம் எழுதியது:

விண்பார்வை அவர்களுக்கு ஒரு சிறு இணைப்பு. இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மாற்றத்தைக் கணக்கிடும்போது பிழைகள் பெருகும். இரண்டும் தனித்தனியே 90 விழுக்காடு சரி, பிழைகள் ஒன்றை ஒன்று சாராதவை என்று கொண்டால், இரண்டிலும் சரியாக இருக்கும் பரப்பு 81 விழுக்காடுதான். உண்மையான மாற்றம் 5 விழுக்காடாக இருக்கும் நகரத்தில், மீதி 19 விழுக்காட்டுக் குழப்பத்துக்குள் அது மூழ்கிப்போகும். கட்டடம் மீண்டும் வயலாவது அரிது. அத்தகைய மாற்றம் உங்கள் வரைபடத்தில் எத்தனை இடத்தில் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தாலே பிழையின் அளவு விளங்கிவிடும்.

நீர்வழி எழுதியது:

நிலவரைவு அவர்களே, உங்கள் ஐந்து வகைகளில் 'வெற்றுநிலம்' என்ற வகையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அந்தப் படிமம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது? மேகமில்லாத படிமம் வேண்டும் என்று தேடும்போது, இயல்பாகவே வறண்ட மாதத்துப் படிமம் கையில் கிடைக்கும். அந்த மாதத்தில் பருவகால ஏரியின் தரை வெடித்துக் காய்ந்து கிடக்கும். வகைப்படுத்தும் மென்பொருள் அதை வெற்றுநிலம் என்று குறிக்கும். அப்படிக் குறித்ததில் கணினியின் தவறு எதுவும் இல்லை. அன்றைக்கு அது வெற்றுநிலம்தான். அடுத்த கட்டத்தில், 'கட்டடம் இல்லாத, மரம் இல்லாத, சமதளமான, சாலைக்கு அருகிலுள்ள நிலம்' என்று வளர்ச்சிக்கு உகந்த இடங்களைத் தேடுவீர்கள். இந்த நான்கு நிபந்தனைகளுக்கும் காய்ந்த ஏரியைவிடப் பொருத்தமான இடம் எது? திட்டம் அதைக் குடியிருப்பு மண்டலமாக்கும், மனைகள் விற்கப்படும், பிறகு ஒரு பெருமழையில் நீர் தன் இடத்துக்குத் திரும்பும். அதற்குள் அங்கே மக்கள் குடியேறிவிட்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஒரு நாளின் படிமத்தை வைத்து நீர்நிலையை முடிவு செய்யாதீர்கள். 1984இலிருந்து உள்ள லேண்ட்சாட் படிமங்கள் அனைத்தையும் அலசி, உலகின் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலும் எத்தனை விழுக்காடு நேரம் நீர் இருந்தது என்று ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் தயாரித்த தரவு 2016இலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறது. பத்தில் ஓர் ஆண்டு மட்டும் நீர் நிற்கும் இடமும் அதில் மங்கலாகவேனும் தெரியும். எனினும் அதுவும் ஒளியியல் படிமம்தான். மழைக்காலத்து மேகம் அதன் கண்ணையும் மறைத்திருக்கும். அந்த இடைவெளியைச் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் நிரப்பும், ஏனெனில் ரேடார் அலை மேகத்தை ஊடுருவிச் செல்லும். அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை அப்பால் தெறிக்கச் செய்வதால் படத்தில் கறுப்பாக விழும். ஆனால் கட்டட நெருக்கத்துக்குள் புகுந்த வெள்ளத்தை இப்படிக் காண்பது கடினம். சுவரும் தரையும் சேர்ந்து அலையைத் திருப்பி அனுப்புவதால் அங்கே படம் வெண்மையாகிவிடுகிறது. வழவழப்பான தார்ச்சாலையோ வெள்ளம் இல்லாதபோதும் கறுப்பாகத் தெரிகிறது.

உயரத் தரவு பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் இன்றுவரை பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில், விண்ணோடம் ஒன்று 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்தது. அது காட்டுவது தரையின் உயரத்தை மட்டுமன்று. மரங்களின் மேற்பரப்பும் கட்டடங்களும் அதில் கலந்திருக்கின்றன. உயரங்கள் முழு மீட்டரில் தரப்பட்டுள்ளன. சமவெளி நகரத்தில் நீர் எந்தத் தெரு வழியாக ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அரை மீட்டருக்கும் குறைவான ஏற்றத்தாழ்வு. அப்படியிருக்க, இந்தத் தரவிலிருந்து வடிகால் பாதையைக் கணக்கிட்டால், இல்லாத பள்ளங்களும் கட்டடங்களைச் சுற்றி ஓடும் பொய் ஓடைகளும்தான் கிடைக்கும். லேசர் ஒளியால் உயரத்தை அளக்கும் லைடார் அளவீட்டில் ஒளித்துடிப்பு இலைகளுக்கிடையே நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும் கடைசி எதிரொலியைப் பிரித்தெடுக்க முடிவதால், தரையின் உண்மையான உயரம் கிடைக்கும். நகரம் முழுவதற்கும் லைடார் எடுக்க இயலாவிட்டால், ஓடைகளை ஒட்டியும் தாழ்வான பகுதிகளிலும் மட்டுமாவது எடுங்கள். அதுவும் இயலாவிட்டால், மட்டக்கருவியோடு ஆட்களை அனுப்பி மதகுகளின் அடிமட்டத்தையும் பாலங்களின் கண்களையும் அளந்து வாருங்கள். சாலைக்கு அடியில் உள்ள ஒரு சிறு குழாய்ப்பாலத்தை எந்தச் செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை. அது அடைபட்டிருந்தால் வெள்ளத்தின் போக்கு முற்றிலும் மாறிவிடும்.

நிலவரைவு எழுதியது:

நீர்வழி அவர்களுக்கு மிக்க நன்றி. எங்கள் படிமம் வறண்ட மாதத்தில் எடுக்கப்பட்டதுதான். வெற்றுநிலம் முழுவதையும் நீர் நின்ற வரலாற்றோடு ஒப்பிட ஏற்பாடு செய்கிறேன்.

இதைத் தொடர்ந்து ஒரு கேள்வி. வளர்ச்சிக்கு உகந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சரிவு, மண், சாலைத் தொலைவு, வெள்ள வாய்ப்பு, பசுமை எனப் பல அடுக்குகளுக்கு எடை கொடுத்துக் கூட்டும் முறையைத்தான் பின்பற்ற இருக்கிறோம். எடைகளை வல்லுநர்களிடம் கேட்டு, இணை இணையாக ஒப்பிடும் முறையில் கணக்கிட உள்ளோம். இதில் கவனிக்க வேண்டியவை எவை?

வழித்தடம் எழுதியது:

வணக்கம். ஒளிபுகும் தாள்களில் வரைந்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இருள் மிகுந்த இடத்தில் கட்டாதே என்று இயன் மெக்ஹார்க் 1960களில் காட்டிய வழியின் கணினி வடிவம்தான் இது. அந்த வழியில் இருந்த ஒரு நல்ல பண்பை எடைக்கூட்டல் இழந்துவிடுகிறது. எடைபோட்டுக் கூட்டினால் ஒரு குறையை மற்றொரு நிறை ஈடுசெய்துவிடும். வெள்ளத்தில் மூழ்கும் நிலம், சாலைக்கு மிக அருகில் இருப்பதாலும் சமதளமாக இருப்பதாலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். சாலையின் நெருக்கம் வெள்ளத்தைக் குறைப்பதில்லை. எனவே ஈடுசெய்ய முடியாதவற்றை எடைக்குள் கொண்டுவராதீர்கள். நீர்நிலை, அதன் வடிகால், வெள்ளச் சமவெளி, நிலச்சரிவு வாய்ப்புள்ள செங்குத்துப் பகுதி ஆகியவற்றை முதலிலேயே வெட்டி நீக்கிவிட்டு, மீதமுள்ள நிலத்துக்கு மட்டும் எடை கொடுங்கள்.

இணை ஒப்பீட்டு முறையில் வரும் முரண்பாட்டு விகிதம் 0.1க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்று எழுதுவது வழக்கம். வல்லுநர் தமக்குத்தாமே முரண்படாமல் விடையளித்தார் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அவர் சொன்னது சரி என்று சொல்வதில்லை. எடைகளைச் சற்று ஏற்றியும் இறக்கியும் வரைபடத்தை மீண்டும் மீண்டும் தயாரித்துப் பாருங்கள். எந்த எடை கொடுத்தாலும் உகந்ததாகவே வரும் நிலத்தில் துணிந்து முடிவெடுக்கலாம். எடையைச் சிறிது அசைத்தாலே நிறம் மாறும் நிலத்தை, அந்த நிலையைக் காட்டும் தனிக் குறியோடு வெளியிடுங்கள்.

பள்ளி, பூங்கா, மருத்துவமனை எட்டும் தொலைவைக் கணக்கிட வட்டம் போடாதீர்கள் என்பதையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 400 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே ஓர் இருப்புப்பாதை ஓடினால், நடக்க வேண்டிய தொலைவு அதைப்போல் சில மடங்காகிவிடும். தெரு வலைப்பின்னலின் வழியே கணக்கிட்டால்தான் எந்தக் குழந்தை எவ்வளவு தொலைவு நடக்கிறது என்பது தெரியும். வார்டுவாரியாகச் சராசரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். வார்டு எல்லையை மாற்றி வரைந்தால், தரையில் எதுவும் மாறாமலேயே பற்றாக்குறை உள்ள வார்டு நிறைவான வார்டாக மாறிவிடும்.

விண்பார்வை எழுதியது:

வெப்பத்தையும் ஓர் அடுக்காகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லேண்ட்சாட் 8, 9 ஆகியவை காலை 10 மணியை ஒட்டித்தான் கடந்து செல்கின்றன. அவை அளப்பது மேற்பரப்பின் வெப்பநிலை. தெருவில் நடப்பவர் உணரும் காற்றின் வெப்பநிலை வேறு. இரவில் கான்கிரீட் வெளிவிடும் வெப்பமே உடல்நலத்தைப் பெரிதும் பாதிக்கிறது. காலைப் படிமத்தில் அது தெரியாது. பளபளக்கும் உலோகக் கூரை வெப்பக் கதிர்களைக் குறைவாக உமிழ்வதால், உள்ளே இருப்பவர் வெந்துகொண்டிருக்கும்போதும் படத்தில் குளிர்ந்த இடமாகத் தோன்றக்கூடும். தகரக் கூரைப் பகுதிகளுக்கு மர நிழல் தேவையில்லை என்று இதை வைத்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

அளவர் எழுதியது:

பதிவேடு, படிமம் பற்றி விண்பார்வை முன்பு எழுதியதைப் பற்றி யோசித்தேன். பதிவேட்டில் விடுபட்டவர்கள் குறித்து அவர் சொன்னது முற்றிலும் சரி. அதிலிருந்தே ஒரு நடைமுறை கிடைக்கிறது. இரண்டையும் மேலடுக்காக வைத்து, அவை ஒன்றோடொன்று உடன்படாத மனைகளை மட்டும் பிரித்தெடுங்கள். பதிவேட்டில் காலிமனை, படிமத்தில் கூரை. பதிவேட்டில் ஏரி, படிமத்தில் வெற்றுநிலம். பதிவேட்டில் குடியிருப்பு, படிமத்தில் மிகப் பெரிய ஒற்றைக் கூரை. கள ஆய்வுக் குழு முதலில் போக வேண்டிய இடங்கள் இவைதான். ஆட்கள் குறைவாக இருக்கும்போது, எல்லாத் தெருக்களிலும் மேலோட்டமாக நடப்பதைக் காட்டிலும் இது பல மடங்கு பயன் தரும். உடன்பட்ட மனைகளிலும் தற்போக்காகச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கவும் கூடும்.

நிலவரைவு எழுதியது:

எல்லாருடைய விளக்கங்களையும் குழுவின் முன் வைத்தேன். கள ஆய்வைக் குறைப்பது என்ற பேச்சு நின்றுவிட்டது. அதை எங்கே குவிப்பது என்பதே இப்போதைய கேள்வி. அளவர் சொன்ன முரண்பாட்டு வரைபடத்தை முதலில் தயாரிக்கிறோம். நீர் நின்ற வரலாறு உள்ள நிலம் எதுவாயினும், தரையில் அளந்து உறுதி செய்யும் வரை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கப்படாது.

ஒவ்வொரு மனையின் விவரங்களைப் பதியும் பண்பு அட்டவணையிலும் நான்கு நெடுவரிசைகளைக் கூடுதலாகச் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம்: எந்தத் தேதியின் படிமம், எந்தப் பதிவேட்டிலிருந்து பயன்பாடு எடுக்கப்பட்டது, களத்தில் பார்க்கப்பட்டதா, பார்த்த தேதி. வரைவுத் திட்டம் மக்களின் கருத்துக்காக வெளியிடப்படும்போது, களத்தில் பார்க்கப்படாத மனைகள் கோடிட்ட நிறத்தில் அச்சாகும். ஆட்சேபம் தெரிவிக்க வருபவர் தம் புல எண்ணைச் சொன்னால், இந்த நான்கு விவரங்களையும் அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கோடிட்ட நிறம் திட்டத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. இறுதி வரைபடத்திலும் இப்படி உறுதியின்மையைக் காட்டிய திட்டங்களை அறிந்தவர்கள் இருந்தால், அவற்றில் குறியீடு எப்படி அமைக்கப்பட்டது என்று எழுதுங்கள்.